மூன்று பங்குனி வழிக்காத வாசல்

வசந்த காலம் என்று ஒன்று உண்டு என்பதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தேன். நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டதால் அது எந்த மாதம் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டது. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன தோட்டத்தில் மாசி முடிந்தால் வெயில். பங்குனி பிறந்தால் அதைவிட வெயில். வாசல் ஓரத்து வேப்பமரம் மட்டும் பழுத்த இலைகளையெல்லாம் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிர் பச்சையாவதற்குள் வாசல் வேலை முடிந்திருக்க வேண்டும். எங்களுக்கு வசந்தம் அவ்வளவுதான்.

வாசல் என்றால் கோலம் போடுகிற நாலடி இடத்தைச் சொல்லவில்லை. வீட்டு முன்னால் இரட்டை மாட்டு வண்டி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிற அளவு இடம். தை மாதத்தில் அங்கேதான் சோளக்கதிர் அடிப்போம். மாடு மிதித்து, சக்கரம் அறுத்து, அடித்து முடிக்கும்போது வாசல் குண்டும் குழியுமாகக் கிடக்கும். பங்குனி வந்தால் ஆமணக்குக் காய்களை அதே வாசலில் காயப் போட வேண்டும். மிளகாய்ப் பழம் காய வேண்டும். உள்ளே புழுக்கம் தாங்காமல் ஆட்களும் அங்கேயேதான் பாய் விரிக்க வேண்டும். வெடித்த வாசலில் ஆமணக்கு முத்து விழுந்தால் பொறுக்கி எடுக்க ஒரு ஆள் தனியாக வேண்டும், அதுவும் வாய் பேசாத ஆளாக இருந்தால் நல்லது.

அதனால் முதலில் பழைய சாணி ஏட்டை மண்வெட்டியால் செதுக்கி எடுப்போம். அது தோசை மாதிரி பெயர்ந்து வரும். பிறகு ஓடையிலிருந்து ஒட்டுகிற மண்ணாகப் பார்த்துக் கொண்டுவந்து குழிகளில் நிரப்பி, தண்ணீர் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, திமிசுக்கட்டையால் இடிப்போம். இடித்த தரை இறுகியதும் பச்சைச் சாணியில் வைக்கோல் தூசு சேர்த்துக் கரைத்து ஊற்றி, சீமாற்றால் இழுத்துப் பரப்பி, கடைசியாகக் குந்தி உட்கார்ந்து கையாலேயே வளைவு வளைவாகத் தேய்த்து வர வேண்டும். இதைத்தான் வாசல் வழிப்பது என்போம். வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்துக்குப் பொடக்காலி என்று பேர். குளித்த தண்ணீர் வீணாகாமல் ஓட வாய்க்கால் கீறி, அதன் முனையில் குழி எடுத்து எருப் போட்டுச் சுரைவிதை ஊன்றுவோம். தண்ணீர்ப் பானைக்கும் கன்றுக்குட்டிக்கும் பனையோலைப் பந்தல் புதிதாக வேய்வோம். இவ்வளவும் முடிய எட்டு நாள் ஆகும்.

எனக்கு வேறு எதில் கெட்டிக்காரத்தனம் இருந்ததோ இல்லையோ, வழிப்பதில் இருந்தது. என் கை வளைவு ஒன்றோடொன்று இடிக்காது. பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் தலைக்கனமும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். சமையலைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் பொய் என்று எனக்கே தெரியும். வாசலைப் பற்றிச் சொன்னால் நிஜம் என்று தெரியும்.

வீட்டில் மூன்று பேர்தான். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். பிள்ளை இன்னும் இல்லை. வேலைக்கு ஊருக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் வந்து போவார்கள். என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் உடம்பு இருந்ததே தவிர மனசு இருந்ததில்லை. அவருக்கு மோட்டார் வண்டிப் பைத்தியம். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனபோது பஸ்ஸின் பின்புறத்தில் கரி அடுப்பு ஒன்றை மாட்டி ஓட்டினார்கள். அந்தப் பஸ் எங்கள் ரோட்டு மேட்டில் மூச்சு முட்டி நிற்கும். இவர் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையேற்றத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் போய்க் கரி அடுப்பின் காற்றாடியைச் சுற்றிக் கொடுப்பார். டிரைவர் நல்ல மனுஷர் போலிருக்கிறது, ஆள் இல்லாத இடத்தில் இவரிடம் வண்டியைக் கொடுத்துப் பழக்கிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே கியர் மாற்றுகிற மாதிரி கையை அசைப்பார். நான் சிரிப்பேன். அதுவரைக்கும் எனக்குச் சிரிப்பு நன்றாக வரும்.

அந்தப் பங்குனி நாலாம் நாள் காலையில் வாசல் வழிப்பதென்று இருந்தோம். இடித்த தரை இறுகிக் கிடந்தது. நான் முழங்கை வரைக்கும் சாணியோடு அண்டாவில் கரைத்துக்கொண்டிருந்தேன். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"நாமக்கல் போயிட்டு வாரேன் புள்ள. மாட்டுக்குக் கயிறு வாங்கோணும்."

"வெயிலுக்கு முன்னாடி வந்துருங்க" என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. சாணியில் ஒரு கல் தட்டுப்பட்டது, அதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தடத்தில் நடந்து வேலி முக்கைத் தாண்டினார். அத்தை ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அம்மிணி, கொஞ்சம் வெயில் ஏறட்டுமே" என்றார். "சாணி காஞ்சு போயிருமுங்க. ஆளுகளும் வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு நான் முதல் குடத்தை ஊற்றினேன்.  நாங்கள் மூன்று பேர் உச்சிவேளைக்குள் முழு வாசலையும் வழித்து முடித்தோம். இவ்வளவு நன்றாக ஒரு நாளும் வந்ததில்லை என்று வேலைக்கு வந்த பெண்களே சொன்னார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் தூர தேசம் புறப்பட்டால் அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று தோன்றும் வரைக்கும் வாசலைக் கூட்டமாட்டோம், தண்ணீர் தெளிக்கமாட்டோம். வழிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏனென்றால் ஒருவர் போன கையோடு வாசலைக் கூட்டித் தண்ணீர் ஊற்றிச் சாணி போட்டு வழிப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். பாடை தெருவைத் தாண்டியதும் பெண்கள் செய்கிற வேலை அது. சந்தைக்குப் போகிறவருக்கும் நாமக்கல் போகிறவருக்கும் இதையெல்லாம் பார்த்தால் குடித்தனம் நடக்காது. நானும் பார்க்கவில்லை.

அவர் அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே ரோட்டுக்குப் போய் நின்று அந்தக் கரி பஸ்ஸை நிறுத்திக் கேட்டேன். சேலம் வரைக்கும் வந்தார், ரயிலடியில் இறங்கினார் என்று டிரைவர் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். "வருவாஞ் சாமி" என்று மட்டும் அத்தை சொன்னார்.

இருபது நாள் கழித்துப் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. என் நாலாம் வகுப்பு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. பட்டாளத்தில் மோட்டார் ஓட்டுகிற வேலையில் சேர்ந்திருக்கிறேன், சௌக்கியம், கோபித்துக்கொள்ள வேண்டாம், யுத்தம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். படித்து முடித்ததும் அத்தை வெளியே வாசலைப் பார்த்தார்.

"அன்னைக்குத்தான வாசல் வழிச்சே?"

"ஆமாங்க."

"போனவன் முதுகு மறையறதுக்குள்ள சாணித் தண்ணி ஊத்துனியே அம்மிணி. பொணம் போன ஊடு மாதிரிக் கழுவி உட்டுட்டயே."

 அவர் பட்டாளத்துக்குப் போகிறார் என்று எனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஊற்றியது ஊற்றியதுதானே என்றார்.  நானும் அதே வழக்கத்தில் வளர்ந்த பெண்தானே. நம்பினாயா என்று யாராவது கேட்டால், நம்பினேன். இப்போதும் முழுக்க நம்பவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அன்று அத்தை ஒரு முடிவு சொன்னார். அவன் இந்த வாசலில் திரும்பக் கால் வைக்கிற வரைக்கும் சீமாறோ சாணியோ இதில் படக்கூடாது. விளக்கு வைக்கிற வீடு என்பதால் வாசற்படிக்குக் கீழே ஒரு முழ அகலம் மட்டும் தெளித்துக் கோலம் போட்டுக்கொள்ளலாம். அதற்கு அப்பால் ஒரு துரும்பையும் எடுக்கக்கூடாது. இப்படி ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது. அத்தையே உண்டாக்கியது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் அது நூறு வருஷமாக இருந்தது போலத்தான் இருந்தது.

முதல் வருஷம் வாசல் என் கைவேலையோடு அப்படியே கிடந்தது. சாணி ஏடு வெயிலில் வெளுத்து, ஐப்பசி மழையில் ஊறி, கரைந்து ஓடியது. கார்த்திகையில் அறுகு பிடித்தது. அடுத்த பங்குனிக்கு நெருஞ்சி மஞ்சளாகப் பூத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேப்பிலை கொட்டி, மக்கி, அதன்மேல் மறுபடியும் கொட்டியது. கோழிகளுக்கு நல்ல காலம். ஆடிக் காற்றை மட்டும் அத்தையால் கட்டுப்படுத்த முடியவில்லை; அது வந்து கால்வாசி வாசலைப் பெருக்கிவிட்டுப் போகும். "அதுக்கென்ன தெரியும், அது காத்து" என்று சொல்லி அத்தை உள்ளே போய்விடுவார்.

சோளம் அடிக்கவும் ஆமணக்கைக் காயப்போடவும் வாசல் இல்லாததால் கால் மைல் தள்ளி இருந்த பாறைக்குச் சுமந்துகொண்டு போனோம். காலையில் கூடை கூடையாக மேலே ஏற்ற வேண்டும், சாயங்காலம் அள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் பாறையில் உட்கார்ந்து காவல். வெயில் ஏறினால் ஆமணக்குக் காய்கள் பட்டுப் பட்டென்று வெடிக்கும். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். இவ்வளவு பெரிய வாசலை வைத்துக்கொண்டு ஏன் பாறையில் காயப்போடுகிறார்கள் என்று கேட்காதவர் இல்லை. அத்தை எல்லாருக்கும் பதில் சொன்னார். மாரியம்மன் கோயிலில், கிணற்றடியில், விருந்தாளியாக வந்தவர்களிடம், வளையல்காரரிடம். "எங்கூட்டு மருமவ அவன் போனதும் வாசலைக் கழுவி உட்டுட்டாளுங்க." கோபமாகச் சொல்லமாட்டார். மழை பெய்யவில்லை என்பது போலச் சொல்வார். அதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறவர்களின் கண்தான் எனக்குத் தாங்கவில்லை.

என் அம்மா வந்தார். அவரிடமும் அத்தை அதையே சொன்னார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்மூட்டுக்கு வந்துரு கண்ணு, அவிய திரும்பி வந்தப்பறம் இங்க வரலாம்" என்றார். நான் மாட்டேன் என்றேன். நான் இல்லாத நேரத்தில் தந்தி வந்தால் ஊர் என்ன பேசும் என்பது எனக்குத் தெரியும். அவர் திரும்பி வந்தால் நான் புத்தியில்லாமல் ஒரு நாள் தப்புச் செய்த மருமகள். வராவிட்டால் புருஷனைக் கழுவி ஊற்றியவள். இரண்டில் ஒன்று தெரிகிற வரைக்கும் நான் அந்த வீட்டை விட்டு நகர்வதாக இல்லை.

முதல் வருஷம் நிறைய அழுதேன். இரண்டாவது பங்குனியில் அழவேண்டிய நேரங்களில் அழுகை வரவில்லை. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யாருடைய காலோ மாதிரி இருக்குமே, அப்படி. அத்தை என் காதுபடச் சொன்னாலும் நான் பாட்டுக்கு மோர் கடைந்துகொண்டிருப்பேன். ஒரு தடவை கொதிக்கிற உலை நீர் காலில் கொட்டியது. கொட்டியது தெரிந்தது, வலி கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. வேலைக்கு வந்த பெண் ஒருநாள், "நீங்க முந்தி நெம்பச் சிரிப்பீங்களேக்கா" என்றாள். அப்படியா என்று கேட்டேன்.

கடிதங்கள் இரண்டு மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தன. லீவு கிடைக்கும் என்று எழுதுவார், அடுத்ததில் கிடைக்கவில்லை என்று எழுதுவார். சில வரிகளை யாரோ கறுப்பு மையால் அடித்திருப்பார்கள். அடித்த இடத்தில் என்ன இருக்கும் என்று அத்தை கேட்பார். "ஊர் பேருங்க" என்பேன். அதுவும் மூன்றாவது பங்குனிக்கு முந்தின வருஷம் நின்றுபோனது. எட்டு மாதம் ஒரு வரியும் இல்லை. அஸ்ஸாம் பக்கம் லாரிகள் மலையிலிருந்து உருளுகின்றன என்று நாமக்கல் போய் வந்தவர்கள் கதை சொன்னார்கள். அத்தை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். என்னைச் சொல்வதை மட்டும் குறைக்கவில்லை.

எட்டாவது மாதம் தபால்காரர் வந்தார். எப்போதும் ரோட்டிலிருந்தே கூப்பிடுகிறவர் அன்றைக்கு நெருஞ்சிக்குள் கால் பார்த்து வைத்து வாசற்படி வரைக்கும் வந்தார். பழுப்பு நிற உறை, மேலே இங்கிலீஷ் முத்திரை. அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் பிரித்தேன்.  அது சாவுச் செய்தி இல்லை; அவர்தான் எழுதியிருந்தார். மலைக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்ததாகவும் இப்போது குணம் என்றும் எழுதியிருந்தார். சத்தமாகப் படித்தேன். அத்தை அப்படியே சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தபால்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கடிதத்தை மடித்து அரிசிப் பானைமேல் வைத்துவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போனேன். பாதி கட்டு அறுத்த பிறகு, அவர் உயிரோடிருக்கிறார் என்று எனக்கு நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சரி என்று தோன்றியது, அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து வந்த தை மாதத்தில் அவர் வந்து சேர்ந்தார். காலை பத்து மணி இருக்கும். காக்கிச் சட்டை, தலையில் தகரப் பெட்டி, கறுத்து மெலிந்து யாரோ போல இருந்தார். வேலிப் பக்கத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசலில் கால் வைத்தவர் நெருஞ்சி குத்தி ஒற்றைக் காலில் நின்றார். நான் படிமேல் நின்றிருந்தேன்.

"என்ன புள்ள, வாசல் இப்படிக் கெடக்குது?" என்றார். நாலு வருஷம் கழித்து முதல் பேச்சு.

"தண்ணி கொண்டாரேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சொம்பை எடுத்து, தண்ணீர் மொண்டு, அது நிறைந்து வழிந்து காலை நனைக்கும் வரைக்கும் மொண்டுகொண்டே நின்றேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அதற்குள் அத்தை காட்டிலிருந்து ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துகிற சத்தம் கேட்டது. உப்பும் மிளகாயும் எடுத்துவரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். அன்றைக்கு ஊரே வந்து போனது. வந்தவர்கள் என்னைப் பார்த்து, "கஷ்டமெல்லாம் போச்சு, இனி உனக்கொரு கொறையும் இல்லை" என்றார்கள். ஆமாங்க என்றேன்.

மறுநாளிலிருந்து வாசலைத் தொடலாம் என்று ஆயிற்று. முழு வேலையையும் பங்குனியில் முறையாகச் செய்துகொள்ளலாம் என்று அத்தை சொன்னார். அவர் என்னைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். சொன்னதெல்லாம் சும்மா என்றும் சொல்லவில்லை. வண்டிச் சக்கரம் போன தடம் மாதிரி அந்தப் பேச்சு அது பாட்டுக்குக் கிடந்தது.

மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் அவர் பொடக்காலி வாய்க்காலைத் தூர் வாரிக்கொண்டிருந்தார். நான் சுரைக்குழிக்கு எரு கொண்டுவந்து போட்டேன். பட்டாளத்திலிருந்து வந்தவர் தோட்டத்து வேலையைக் குறை சொல்லாமல் செய்தார். ஆனால் ஆமணக்கு வெடிக்கிற சத்தம் கேட்டால் மட்டும் தோளைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார். ரொம்ப நாள் கேட்க நினைத்ததை அன்று கேட்டேன்.

"அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

"சொன்னா நீ அழுவே. உங்கண்ணன் வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பாரு. அதான் அம்மாகிட்ட மட்டும் சொன்னேன்."

"அத்தைகிட்டயா? எப்பச் சொன்னீங்க?"

"முந்தின நாளே. நாலு நாள் கழிச்சு உங்கிட்டப் பக்குவமாச் சொல்லச் சொன்னேன். சொல்லலியா?"

"சொன்னாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் மண்வெட்டியை மறுபடி ஓங்கினார். நான் எருக்கூடையைக் கவிழ்த்துத் தட்டினேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் இதைத்தான் யோசித்தேன். அத்தைக்குத் தெரியும். தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மகன் யுத்தத்துக்குப் போகிறான் என்று தெரிந்துகொண்டே, நான் குடம் குடமாக ஊற்றுவதைப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் வெயில் ஏறட்டுமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். நாலு வருஷம் ஊரெல்லாம் என்னைச் சொன்னவர் ஒரு நாளும் இதைச் சொல்லவில்லை. இதை நினைத்தால் ஆத்திரம் பற்றிக்கொண்டு வரவேண்டும். நான் ஆறப்போட்ட சோறு மாதிரி இருந்தேன். ஆனால் கேட்காமல் விடுவதில்லை என்று மட்டும் இருந்தது.

பங்குனி பிறந்தது. நாலு வருஷத்துக் குப்பையை அள்ள இரண்டு நாள் பிடித்தது. அறுகின் வேர் ஒரு சாண் ஆழம் போயிருந்தது, கொத்திக் கொத்தி எடுத்தோம். ஓடை மண் எட்டு வண்டி விழுந்தது. இடித்து, இறுகவிட்டு, ஆறாம் நாள் காலையில் சாணி கரைத்தோம். என் வீட்டுக்காரர் கன்றுக்குட்டிக்குப் பந்தல் போட ஓலை வெட்டப் போயிருந்தார். அத்தைக்கு அதற்குள் முழங்கால் வலி வந்துவிட்டது. இருந்தாலும் தானும் வழிக்கிறேன் என்று வந்து உட்கார்ந்தார். வேலைக்கு வந்த பெண்கள் அந்தக் கோடியில் இருந்தார்கள். நாங்கள் இருவரும் வாசற்படிப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். எனக்கு இடது பக்கம் அத்தை. நாலு வருஷம் தொடாத கை. முதல் வளைவு கோணலாகப் போனது. அதை அழித்து மறுபடி தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

"அத்தை, அவிய பட்டாளத்துக்குப் போறது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாங்க?"

அவர் கை நின்றது. பிறகு அந்த வளைவை முடித்தது.

"தெரியுஞ் சாமி."

"என்னைத் தடுத்திருக்கலாமுங்க."

"எப்படித் தடுக்கறது? ஏன்னு கேப்பே. கேட்டா எனக்கு வாய் நிக்காது. அவன் ரோட்டுக்குக்கூடப் போயிருக்கமாட்டான், நீ ஓடிப் போய்ப் புடிச்சிருப்பே. நாலு நாளைக்குச் சொல்லமாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். நீ ஊத்த ஊத்த எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தவ, அப்பறம் எந்த வாயில சொல்றது?"

"செரிங்க. அப்பறம் ஏனுங்க ஊரெல்லாம் என்னையச் சொன்னீங்க?"

அத்தை சாணியில் ஒட்டியிருந்த ஒரு வைக்கோலை எடுத்து அப்பால் போட்டார்.

"தெரிஞ்சே உட்டவ நானு. என்னையவே சொல்லிக்கிட்டிருந்தா ஒருநாள் கெணத்துல உழுந்திருப்பேன் அம்மிணி. உன்னையச் சொன்னா நீ எம்மேல கோவப்படுவே. எதுத்துப் பேசுவே, உங்கம்மா ஊட்டுக்குப் போவே. அவ்வளவுதானேன்னு நெனச்சுட்டேன்."

"நான் கோவப்படலைங்களே" என்றேன்.

"அதுதாஞ் சாமி. நீ கோவப்படவே இல்லை. நானும் இன்னைக்குக் கோவப்படுவே, நாளைக்குக் கோவப்படுவேன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒருக்காக்கூட வரலை. அவனைக்கூட மறந்துட்டு உன்னையப் பார்த்துத்தான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

இப்போதாவது கோபம் வரும் என்று நினைத்தேன். கையைத் தரையில் வைத்தபடி காத்திருந்தேன். வெயில் முதுகில் ஏறியது. பெண்கள் அந்தக் கோடியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. என் முன்னால் ஊற்றியிருந்த சாணி ஓரத்தில் காய ஆரம்பித்தது. அத்தை அதைப் பார்த்தார். வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு நகர்ந்து வந்து, என் பங்கையும் சேர்த்து அவரே வழித்துக்கொண்டு போனார்.